ஆலைக்குள் ஓர் அஞ்சல் நிலையம்

திருப்பூர் என்றதும் பனியன் நம் நினைவுக்கு வருகிறது. அப்பனியனுக்கு நிறமூட்டிய நீர் எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டதையும், 2011ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டதையும் நேயர்கள் அறிவீர்கள். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்னும் நிபந்தனையின் பேரிலேயே அத்தொழில் மீண்டும் இயங்கலாயிற்று. சுத்திகரிப்பு நிலையங்களில் நீரின் அளவையும் தன்மையையும் கருவிகள் அளந்தவண்ணம் உள்ளன. அளந்த செய்தி கட்டுப்பாட்டு அறையை அடையாவிடில் அளந்தும் பயனில்லை. அதனைக் கொண்டு சேர்க்கும் சிறு பெட்டியாகிய ஈதர்நெட் ஸ்விட்ச் குறித்தே நான் இன்று பேசுகிறேன்.

ஈதர்நெட் என்பது 1973இல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் முதலியோர் வகுத்த முறை. தொடக்கத்தில் கணிப்பொறிகள் யாவும் ஒரே கம்பிவடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று அனுப்பிய செய்தி, தண்டோராவைப் போல, எல்லாவற்றின் செவியிலும் விழுந்தது. பின்னர் வந்த ஸ்விட்ச் அஞ்சல்காரரை ஒத்தது. எந்த முகவரி எந்த வாயிலில் உள்ளது என்பதைக் குறித்துக்கொண்டு, உரியவரிடமே செய்தியைச் சேர்ப்பிக்கிறது.

அலுவலகத்து ஸ்விட்சை ஆலையில் வைத்தால் என்ன? ஆலையில் வெப்பமும் நீராவியும் பஞ்சுத் தூசியும் மிகுதி. விசிறி இருப்பின் அது தூசியை உள்ளிழுத்து அடைத்துக்கொள்ளும். ஆகையால் ஆலைக்கெனச் செய்யப்படுவனவற்றுள் பெரும்பாலானவற்றில் விசிறி இல்லை. உலோக உறையே வெப்பத்தை வெளியேற்றுகிறது. 75 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் வகைகளும் உண்டு. மின்பலகையில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் இதனை மாட்டிவிடலாம். 24 வோல்ட் மின்சாரம் இரு வழிகளில் வந்து சேரும். ஒன்று தவறினால் மற்றது காக்கும். உடனே எச்சரிக்கை விளக்கும் எரியச் செய்யலாம்.

செம்புக் கம்பிவடம் 100 மீட்டர் வரைதான் பயன்படும். அதற்கு அப்பாலும், பெரிய மோட்டார்களுக்கு அருகிலும், கண்ணாடி இழையே ஏற்றது. அதில் ஒளியே செல்வதால் மின்குறுக்கீடு அதனைத் தாக்குவதில்லை.

ஸ்விட்சுகளை வளையமாக இணைப்பது மற்றொரு காப்பு. வளையத்தில் ஓர் இணைப்பு வேண்டுமென்றே மூடி வைக்கப்படுகிறது; இல்லையேல் செய்திகள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். வேறோரிடத்தில் வடம் அறுந்தால், மூடிய வழி நொடிப்பொழுதில் திறந்துகொள்ளும்.

எனினும் கருவி தரும் காப்பை மனிதன் கெடுத்துவிடக் கூடும். நான் கண்ட ஓரிடத்தில் இரு மின்வழிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தன. வளையத்தின் இரு வடங்களும் ஒரே பள்ளத்தில் கிடந்தன. ஒரு கடப்பாரை வீச்சு போதும், இரண்டும் போய்விடும்! வழி இரண்டாயின் மூலமும் இரண்டாக வேண்டும், பாதையும் இரண்டாக வேண்டும்.

இப்பெட்டி நீரைத் தூய்மை செய்யாது. ஆயினும், பிழை நேரும்போது அதனை உரியவருக்கு உடனே அறிவிக்க வழி செய்கிறது. கேட்டதும் குழாயை அடைக்க விரையும் கை நம்முடையதாயின், நொய்யலுக்கு அதுவே நாம் செய்யும் நன்றியாகும்.