வேர்ப்பொருளும் வழக்குப்பொருளும்

ஆங்கில அருஞ்சொற்களைப் பயில்வோர் பலர் இலத்தீன் வேரைக் கொண்டே பொருள் துணிவர். இந்நெறி நினைவிற்குத் துணையாகுமேயன்றிப் பொருளுக்கு முடிந்த சான்றாகாது.

‘டெசிமேட்’ என்னுஞ் சொல்லை நோக்குக. இதன் வேராகிய ‘டெசெம்’ பத்தெனப் பொருள்படும். உரோமப் படையில், பிழைசெய்த அணியினருள் பத்தின்மருக்கு ஒருவரைக் கொல்லும் ஒறுப்பை இச்சொல் குறித்தது. இன்றோ பெரும்பகுதியை அழித்தல் என்பதே பெருவழக்கு. வேர் மட்டும் அறிந்தோன், பத்தில் ஒரு பகுதியே அழிந்ததென மயங்குவான். பண்டு நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இந்நாள் தீநாற்றத்தையே குறித்தலை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதுமையன்று.

1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி, சொற்பொருள்களை ஆண்டு குறித்த மேற்கோள்களுடன் வரிசைப்படுத்தியது. பயில்வோர் வேரோடு நின்றுவிடாது அவ்வரிசை முழுவதையும் காணல் வேண்டும். பொருளை உறுதி செய்வது வழக்கே.