மலைப்பாதையில் நின்ற வண்டியை யார் இழுப்பது, எவ்வளவு வாங்கலாம்?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு வளைவில் ஒரு கார் நின்றிருக்கும். கிளட்ச் பிளேட் கருகிய நாற்றம் நாலு வண்டி தள்ளியும் வரும். பின்சக்கரத்துக்கு இரண்டு கல்லை அண்டக் கொடுத்து, பத்தடி தள்ளி ஒரு மரக்கொப்பை ஒடித்துப் போட்டிருப்பார்கள். மேலேயிருந்து இறங்கும் அரசுப் பேருந்தும் கீழேயிருந்து ஏறும் வேனும் எதிரெதிரே நகர வழியில்லாமல் நிற்கும். சில நேரம் அந்த வரிசையின் நடுவே 108 ஆம்புலன்சும் சிக்கியிருக்கும்.

கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் சமாளிக்க முடியாத நோயாளியைத் தேனிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோதான் அனுப்புகிறார்கள். மலையிலிருந்து இறங்கப் பெரிய வண்டிகளுக்கு இருப்பது இந்தச் சாலையும், பெருமாள்மலையில் பிரியும் பழனிச் சாலையும்தான். அடுக்கம் வழி குறுகல். மழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். ஆகவே இந்த மலையில் நின்றுபோன வண்டியை நகர்த்துவது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அதை யார் செய்வது, யார் சொல்லிச் செய்வது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 127ஆம் பிரிவுதான் அடிப்படை. பொது இடத்தில் ஒரு வண்டி ஆளில்லாமல் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கிடந்தாலும், நிறுத்தக்கூடாது என்று சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றாலும், அதை இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டு போடவோ உத்தரவிடலாம். அந்த உத்தரவைத் தர வேண்டியவர் சீருடையில் இருக்கும், அந்த எல்லைக்குரிய காவல் அதிகாரி. இழுவை வண்டியின் ஓட்டுநரோ, கூட வரும் பையனோ தாமாக முடிவெடுத்து உங்கள் காரில் கொக்கி மாட்ட முடியாது. கவிழ்ந்தோ, எரிந்தோ, கேட்பாரற்றோ கிடந்து போக்குவரத்துக்கு ஆபத்தாக இருக்கும் வண்டிக்கு இந்த 10 மணி நேரக் கணக்கு கிடையாது. உடனே அகற்றச் சொல்லலாம். இரண்டு வகையிலும் இழுவைச் செலவு உரிமையாளர் தலையில்தான். அபராதம் தனி.

201ஆம் பிரிவு, போக்குவரத்தை மறித்து நிற்கும் வண்டிக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 2019 திருத்தத்துக்கு முன் இது மணிக்கு 50 ரூபாயாக இருந்தது. விபத்தில் சிக்கிய வண்டி என்றால், ஆய்வு வேலைகள் முடிந்த பிறகுதான் அபராதக் கணக்கு தொடங்கும். எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு இந்த அபராதம் பொருந்தாது என்பதை மலையேறும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இழுவைக்கு எவ்வளவு? 127ஆம் பிரிவு அதைச் சொல்லவில்லை. நின்றுபோன வண்டிகளை அகற்றுவது, சரக்கோடு பத்திரமாக வைத்திருப்பது பற்றி விதி செய்யும் அதிகாரத்தை 138ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. வண்டிகள் நிற்க வேண்டிய இடத்தை உள்ளாட்சி அமைப்பைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும் என்கிறது 117ஆம் பிரிவு. ஏரிச் சாலையிலும், ஏழு ரோடு சந்திப்பிலும், மூஞ்சிக்கல்லிலும் நிறுத்தக்கூடாது என்றால், எங்கே நிறுத்தலாம் என்பதையும் நகராட்சி காட்டியாக வேண்டும். நிறுத்த இடம் காட்டாமல் இழுத்துப் போவது வசூலாகத்தான் முடியும்.

கட்டணத்தை எழுதிவைப்பது எப்படி என்பதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். அங்கே போலீஸ் அகற்றும் வண்டிக்கான தொகையை அரசே விதியாக வெளியிடுகிறது. 2023 திருத்தத்தின்படி, சாலை மேல் நேராக, பெரிய சேதமில்லாமல் நிற்கும் மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு 192 பவுண்டு. காப்பிடத்தில் வைக்க நாளுக்கு 26 பவுண்டு. வண்டி கவிழ்ந்திருந்தால் ஒரு தொகை, சாலையை விட்டு விலகிக் கிடந்தால் வேறு தொகை, எடை கூடினால் இன்னொரு தொகை. நம் மலைக்கு அச்சாகப் பொருந்தும் அட்டவணை அது. கொண்டை ஊசி வளைவில் நிற்கும் காரை இழுப்பதும், பள்ளத்தில் கிடக்கும் வேனைக் கிரேன் வைத்துத் தூக்குவதும் ஒரே வேலை அல்ல. நள்ளிரவில், பனியில், குடும்பத்தோடு நிற்பவரிடம் வாய்க்கு வந்ததைக் கேட்கவும் கூடாது. உயிரைப் பணயம் வைத்துக் கயிறு கட்டுபவருக்குக் கூலி குறையவும் கூடாது. அட்டவணை இருந்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில், போலீஸ் கூப்பிடும் இழுவை நிறுவனங்களை நகர மன்றமே பதிவு செய்து முறை வைத்து அழைக்கிறது. தெரிந்தவருக்கே திரும்பத் திரும்ப வேலை போவதை அது தடுக்கிறது. கலிபோர்னியா வாகனச் சட்டம் இழுவை வண்டியில் துடைப்பமும் மண்வெட்டியும் தீயணைப்பானும் இருக்க வேண்டும் என்கிறது. கண்ணாடித் தூளைக் கூட்டி, கொட்டிய ஆயிலில் மண் போடுவதும் இழுவை வேலையில் சேர்ந்ததுதான் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

விதி தெளிவாக இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 நவம்பரில் மும்பை மலாடில், குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த தாய் உள்ளே இருக்கும்போதே காரை இழுத்துச் சென்ற காட்சி நாடு முழுவதும் பரவியது. காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பெங்களூருவில் பொதுமக்களின் கோபம் முற்றி, 2022 பிப்ரவரியில் இழுவையையே நிறுத்திவைத்தார்கள்.

இழுத்த வண்டி பிறகு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. வழக்கில் சிக்கிய வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்க விடாமல், பிணை வாங்கிக்கொண்டு விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் எந்தக் காவல் நிலையத்தைக் கடந்தாலும் கொடி படர்ந்த வண்டிகளைப் பார்க்கிறோம். மலையில் சமதளம் அரிது. அங்கே இப்படி அடைபடும் ஒவ்வொரு சதுர அடியும் இன்னொருவர் வண்டி நிறுத்தியிருக்கக்கூடிய இடம்.

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளை எண்ணும் வேலை ஏற்கனவே நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடைக்காலத்துக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. உள்ளூர் வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் அந்தக் கணக்கில் இல்லை. ஆறாயிரத்தில் நூற்றுக்கு ஒன்று பழுதானாலும் அறுபது வண்டி. எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவதால், எத்தனை இழுவை வண்டி, எந்த வளைவுக்குப் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும் என்று திட்டமிடுவதும் முடியாத காரியமல்ல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நகராட்சியின் எல்லை மேலேயே முடிந்துவிடுகிறது. அடைபடும் வளைவுகளில் பல, பேரூராட்சி, ஊராட்சி, வனத்துறை எல்லைகளில் இருக்கின்றன. நகராட்சித் தீர்மானம் மட்டும் போதாது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுதான் காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சிகள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே கட்டண அட்டவணையையும் ஒரே அழைப்பு எண்ணையும் முடிவு செய்ய வேண்டும். முடிவானதை வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் சாவடியில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவைக்கட்டும். இ-பாஸிலும் அச்சிடட்டும். வாங்கும் பணத்துக்கு ரசீது கட்டாயம் என்றும் அதிலேயே போடட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். வண்டியில் தொடுவதற்கு முன் எந்த அதிகாரி உத்தரவிட்டார் என்று கேளுங்கள். பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். வண்டி நகர்ந்ததும், சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லையும் ஒடித்துப் போட்ட கொப்பையும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு இரண்டு சக்கர வண்டியில் இறங்குபவருக்கு அந்தக் கல் தெரியாது.