செட்டிநாட்டு வளவு வீடு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் நகரத்தார் ஈட்டிய பொருள் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுகளாக எழுந்தது. திண்ணையோடு கூடிய முகப்பைக் கடந்தால் வளவு. வானம் பார்த்த இந்த முற்றமே வீட்டின் உயிர். வெளிச்சமும் காற்றும் இதன் வழியேதான் வரும். நாற்புறச் சாய்கூரையில் வழியும் மழைநீரும் இங்கேதான் விழும். வறண்ட சீமை அல்லவா, அதை அண்டாக்களில் பிடித்து வைத்தார்கள். சுற்றுத் தாழ்வாரத்தைத் தாங்குபவை பெரும்பாலும் பர்மாத் தேக்குத் தூண்கள். மணமான மகன்களுக்கு வளவை ஒட்டி ஆளுக்கோர் அறை. அடுப்படி பின்கட்டில். சுவரின் பளபளப்புக்குக் காரணம் வண்ணப்பூச்சு அன்று. சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பாகத் தேய்த்த வேலை. தொடாமல் பாருங்கள்.