கையோடு கொண்டுபோகும் தோட்டம்

"இது எங்கடை காணி இல்லை. நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேணும். இதிலை என்னத்தை நடுறது?"

இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் நியாயமும் உண்டு. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் போனவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குப் போனவர்களும் தோட்டந்துரவை அப்படியே விட்டுப் போனவர்களே. ஆயினும் நடாமல் இருக்கும் காலமெல்லாம் கீரைப்பிடிக்கும் காசு கொடுக்கிறோம். எனவே, காணியை நம்பியிராத தோட்டம் ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

உரப்பைத் தோட்டம்

கென்யாவின் நைரோபி நகரில் கிபேரா என்னும் நெருக்கமான குடிசைப் பகுதியில் சாக்குகளிலே கீரை வளர்க்கிறார்கள். நாமும் அவ்வாறு செய்யலாம். வெறும் உரப்பை ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அடியும் மூடியும் வெட்டிய பால்மா ரின்னைப் பையின் நடுவில் வைத்து, அதனுள் சிறு கற்களை நிரப்புங்கள். சுற்றிவர இரண்டு பங்கு மேல்மண்ணும் ஒரு பங்கு உக்கிய எருவும் கலந்து போடுங்கள். ரின்னை மேலே இழுத்து, மறுபடியும் கல்லும் மண்ணும் இடுங்கள். பை நிரம்பியதும் நடுவே கல்தூண் ஒன்று நிற்கும். அதில் ஊற்றும் தண்ணீர் அடிவரை பரவும்.

பையின் பக்கங்களில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீறி, கீரை, பசளி நாற்றுக்களை நடுங்கள். மேலே இரண்டு கத்தரிக் கன்றுகள் போதும். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம்; சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். கடும் வெயிலில் பை இற்றுவிடும் என்பதால் மேற்குப் பக்கத்தில் கிடுகு சாத்துங்கள்.

முட்டியால் நீர் இறைத்தல்

தண்ணீர் தூரத்தில் இருப்பவர்களுக்கு இம்முறை உதவும். சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கையாண்டார்கள். சமைக்காத புது மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண் காயக் காய முட்டியிலிருந்து நீர் கசியும். சுற்றிவரப் பூசணி, பாகல், பயிற்றை நடலாம். மேலே ஊற்றும் தண்ணீரைப்போல் இது வெயிலில் வீணாவதில்லை. இடம் மாறும்போது முட்டியைக் கிண்டி எடுத்துக்கொள்ளலாம்.

விதையே முதல்

மண் நிரம்பிய பையை யாரும் தூக்கிச் செல்ல முடியாது. மண்ணும் எருவும் போகுமிடத்திலும் கிடைக்கும். நல்ல விதை கிடைப்பது நிச்சயமில்லை. ஆகவே முதற் காய்களில் திறமானதைக் கறிக்கு வெட்டாமல் விதைக்கு விடுங்கள். கலப்பின விதையில் வந்த பயிரின் விதை தாய்ச்செடிபோல் வராது; ஊர் விதையையே தேடுங்கள். நிழலில் நன்றாக உலர்த்தி, ஆறிய அடுப்புச் சாம்பலுடன் போத்தலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். பாதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒருவர் இழந்தாலும் மற்றவரிடம் இருக்கும்.

முருங்கை, தென்னை போன்றவற்றை நடுமுன் காணிக்காரருடன் பேசிக்கொள்ளுங்கள். பின்னர் மனத்தாங்கல் வராது.

வருகிற மாரிக்கு ஒரு பை, ஒரு முட்டி, ஒரு போத்தல் விதை என்று தொடங்குங்கள். சொந்த வளவுக்குத் திரும்பும் நாளில் அந்தப் போத்தலே உங்கள் முதல் விதைப்புக்கு உதவும்.