ஏரிக்கரையில் இரண்டு தூண்டில்... ஐம்பது வருஷ சிநேகம்!

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் ஆளுக்கொரு திசையில் போவது வழக்கமான கதைதான். ஒருவர் அப்பாவின் நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். இன்னொருவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ஒருவருக்கு நடவு, களையெடுப்பு, அறுவடை என்று நாள்கள் ஓடும். மற்றவருக்குப் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாரம் மாறும். கல்யாணம், காதுகுத்து, சாவு என்றால்தான் முகம் பார்க்க முடியும். அப்படியிருந்தும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் ‘வாடா, போடா’ என்று பேசிக்கொள்ளும் ஜோடிகள் கிராமங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களில் சிலரைச் சேர்த்து வைத்திருப்பது ஓர் ஏரிக்கரையும் இரண்டு தூண்டிலும்தான்.

தண்ணியைப் பார்த்துக்கொண்டே பேசும் பேச்சு

தூண்டில் போடுவதில் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். இரையைக் கோத்துப் போட்ட பிறகு தக்கை அமுங்கும் வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் டீக்கடையில் பேச முடியாத பேச்செல்லாம் வரும். மகள் கல்யாணக் கடன், கான்ட்ராக்ட் வேலை நின்றுபோனது, பையன் ஊருக்கே வராதது. முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்படுவதைத் தண்ணியைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிடலாம்.

“இன்னாடா, நெலத்த குடுத்துடப் போறியாமே?”

“எவன் சொன்னான்?”

“எவனோ சொன்னான். நீ தக்கையப் பாரு.”

இப்படித்தான் அந்தப் பேச்சு போகும். பதில் அன்றே வராவிட்டாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும். திருவள்ளுவர் நட்புக்கென எழுதிய அதிகாரங்களில் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்று பெயர். நெடுநாள் பழகியவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள உரிமையைப் பற்றியது அது. கேட்கக் கூடாததைக் கேட்கும் உரிமையும் அதில் அடக்கம்.

கழி, தங்கூசி, தக்கை

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் தனிப் புத்தகம் எழுதினார். துரைமார்களுக்கு அது பொழுதுபோக்கு விளையாட்டு. நம் ஊர்ப் பையன்களுக்கு அதற்குப் புத்தகம் தேவைப்பட்டதில்லை.

ஒரு மூங்கில் கழி, அதன் நீளத்துக்குத் தங்கூசி, முனையில் ஒரு முள், முள்ளுக்கு மேலே சிறு ஈயக்குண்டு, அதற்கும் மேலே நெட்டியிலோ மயிலிறகுத் தண்டிலோ செய்த தக்கை. அவ்வளவுதான் கருவி. இரைக்கு எருக்குழி ஓரத்தில் தோண்டினால் மண்புழு கிடைக்கும். கோதுமை மாவில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூளைச் சேர்த்து, தண்ணீரில் சீக்கிரம் கரையாதபடி கெட்டியாகப் பிசைந்தால் கெண்டை வகைகளுக்குப் போதும்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குணம். ரோகு தக்கையை மெதுவாக அசைத்துப் பார்க்கும். கெளுத்தி அடிமட்டத்தில் தேடும்; சாயங்காலம் இருட்டத் தொடங்கினால்தான் அதற்குச் சுறுசுறுப்பு வரும். விரால் செடி, பாசி ஓரத்தில் பதுங்கியிருந்து பாயும். மீன் வளர்ப்புக்காக 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் இன்று எந்த ஏரியிலும் முதலில் மாட்டும். கண்ட இரையையும் கவ்வும்.

விரால் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுழன்றால், தாய் தகப்பன் மீன்கள் அடியில் காவல் இருக்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்தில் தூண்டில் போடக் கூடாது. பெரிய மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கரையில் இருப்பவர் கண்ணில் படுவது

வாரந்தோறும் இரண்டு, மூன்று மணி நேரம் ஒரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? கிணறும் போர்வெல்லும் வந்த பிறகு ஆயக்கட்டுக்காரர்களே மதகுப் பக்கம் போவது குறைந்துவிட்டது. ஏரியில் ஏற்படும் மாற்றம் பல நேரங்களில் முதலில் தூண்டில்காரர் கண்ணில்தான் படும்.

கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீராக இருந்தால் கண்காணிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கே நீர்வளத் துறைக்கும் பாசனச் சங்கத்துக்கும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியதுபோல மழை வந்தால், அந்தச் சின்னக் கசிவே உடைப்பாக மாறும்.

தொழிற்பேட்டை உள்ள வட்டாரத்தில் மீன் செத்து மிதப்பதும் பெரிய கவலை. அப்போது எந்த மீன் செத்தது என்று பார்ப்பது முக்கியம். மேகமூட்டமான நாள்களில், பாசி அதிகமுள்ள நீரில், விடியற்காலையில் ஆக்சிஜன் குறையும். கட்லா, ரோகு போன்றவை மேலே வந்து வாயைத் திறந்து திணறும். சில செத்தும் போகும். விராலும் நாட்டுக் கெளுத்தியும் காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. அவை தாங்கிக்கொள்ளும். ஆனால் விரால், கெளுத்தி உட்பட எல்லா மீனும் ஒரேயடியாகச் செத்து மிதந்தால், தண்ணீரில் விஷம் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த மீனை எடுத்துச் சமைக்கவோ விற்கவோ கூடாது. ஆடு, மாடுகளை அந்தத் தண்ணீரில் விடக் கூடாது. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுத்து, தேதி, நேரம், இடத்தை எழுதி, போட்டோவுடன் கிராம நிர்வாக அலுவலரிடமும், மீன்வளத் துறையிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் புகார் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஓடிக் கலந்த பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

அடுத்தவர் பிழைப்பு

ஏரி பொதுவானது என்றாலும் அதிலுள்ள மீன் பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குஞ்சு வாங்கி விட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவதுதான் முறை. பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால் இன்னும் கவனம் தேவை. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை அங்குள்ள மீனவர்கள் ‘பாடு’ என்ற முறையில் தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டு வருகிறார்கள். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றாடச் சோறு.

வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் பாய்ச்சினால் மீனோடு ஆளும் போவார். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டாம். மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும் இதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது.

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சவுடு மண் எடுத்த ஏரியா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர்தானே என்று இறங்கினால் அடுத்த அடி இருபதடிப் பள்ளமாக இருக்கலாம். பிள்ளைகள் கரையிலேயே இருக்கட்டும். வானம் இடித்தால் கழியைக் கீழே போட்டுவிட்டு, தனி மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

தை, மாசியில்...

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கலங்கும் ஏரி, தை பிறந்தால் தெளியத் தொடங்கும். சம்பா அறுவடை முடியும் வீடுகளில் கொஞ்சம் மூச்சு விட நேரமும் கிடைக்கும். காலையில் வெயில் ஏறும் முன், இல்லையென்றால் நான்கு மணிக்கு மேல் கரைக்குப் போகலாம். மீன் கிடைத்தால் குழம்புக்கு ஆகும். கிடைக்காத நாளிலும் மதகு நன்றாக இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வரலாம். கல்யாண வீட்டில் மட்டும் பார்க்கும் பழைய சிநேகிதருக்கு ஒரு போன் போட்டு, ‘ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இருக்காடா?’ என்று கேட்டுவிட்டால் போதும். மண்புழு தோண்டுவது யார் என்பதில் மட்டும் கொஞ்சம் சண்டை வரும்.