ஒரே மொழி, வேறு பாடசாலைகள்

திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களச் சமூகங்களில் எதுவும் சனத்தொகையில் பாதியைத் தாண்டவில்லை என்கிறது 2012 கணக்கெடுப்பு. ஆனால் குறிஞ்சாக்கேணியில் எனது வகுப்பில் இருப்போர் அனைவரும் முஸ்லிம் பிள்ளைகளே.

நாமும் தமிழ் மக்களும் பேசுவது ஒரே மொழி. இருந்தும் பாடசாலைகள் வேறு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால் தவணை நாட்களும் வேறு. சிங்களம் பாடமாக உண்டு. பேசிப் பழக ஒரு சிங்களப் பிள்ளை இல்லை. பெரியவர்கள் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சந்திக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதுவும் குறைவு.

முஸ்லிம் பாடசாலைகளை மூடச் சொல்லவில்லை. எமது பெண் பிள்ளைகள் பலர் படித்து முன்னேற அவைதான் வழியமைத்தன. ஆனால் 2019 ஏப்ரல் தாக்குதலை ஒரு சிலர் செய்ய, முழுச் சமூகமும் சந்தேகிக்கப்பட்டது. எம்மோடு படித்த நண்பர்கள் அடுத்த சமூகங்களில் இருந்திருந்தால், எமக்காகப் பேச இன்னும் பலர் இருந்திருப்பார்கள்.

மனிதர்களைப் பல கோத்திரங்களாகப் படைத்ததன் நோக்கம் அறிமுகம் என்பதையே அல்குர்ஆனின் 49:13 உணர்த்துகிறது. தவணைக்கு ஒரு நாளாவது அயல் தமிழ், சிங்களப் பாடசாலைகளோடு விளையாட்டும் விஞ்ஞானக் கண்காட்சியும் நடத்துவோம். அதை அதிபர்களும் பெற்றோரும் சேர்ந்தே தொடங்கலாம்.