நாக்கு சொல்லும் விலை

விழுங்காமல் துப்புகிறார்கள், சேரங்கோட்டுத் தேயிலையின் கதை

நீளமான மேஜை. அதன்மேல் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் தேநீர். பால் இல்லை. சர்க்கரை இல்லை.

ஒருவர் வருகிறார். கையில் ஒரு கரண்டி. முதல் கிண்ணத்தில் கரண்டியை விட்டு எடுக்கிறார். வாயருகே கொண்டு போகிறார். "சுர்ர்ர்" என்று ஒரே இழுப்பு! வீட்டில் பிள்ளைகள் இப்படி உறிஞ்சினால் அம்மா அதட்டுவாள். இங்கே யாரும் அதட்டுவதில்லை. எவ்வளவு சத்தமாக உறிஞ்சுகிறாரோ அவ்வளவுக்கு அவர் கெட்டிக்காரர்.

உறிஞ்சிய தேநீரை விழுங்கினாரா? இல்லை. பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டார். அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட்டார்.

சில விநாடி வேலை. அதற்குள் ஒரு தோட்டத்துச் சரக்குக்கு மதிப்புப் போட்டாகிவிட்டது!

இவர்தான் தேயிலை ருசி பார்ப்பவர். 'டீ டேஸ்டர்' என்பார்கள். நீலகிரி மாவட்டம் குன்னூரில் இந்தத் தொழில் செய்பவர்கள் பலர் உண்டு. அங்கே 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. முன்பு ஆட்கள் கூடி உட்கார்ந்து ஏலம் கேட்டார்கள். இப்போது கம்ப்யூட்டரில் கேட்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு நாக்கு இல்லையே! ஏலத்துக்கு முன்னால் மாதிரித் தூளை வாங்கி, ஊற வைத்து, ருசி பார்த்த பிறகுதான் வியாபாரி விலை கேட்கிறார்.

அவர் துப்பிய அந்தத் தேநீர் எங்கிருந்து வந்தது? சேரங்கோட்டிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

தங்கம் தேடிய மண்

சேரங்கோடு நீலகிரியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பந்தலூர் வட்டம். கூடலூரைத் தாண்டிப் போகவேண்டும். பக்கத்திலேயே கேரளத்தின் வயநாடு. மழைக்காலம் வந்தால் விடாத மழை. யானை நடமாட்டமும் உண்டு.

இந்த வட்டாரத்தில் 1880 வாக்கில் தங்கம் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பாறையைக் குடைந்தன. சில ஆண்டுகளில் பணம் போனதுதான் மிச்சம். கூட்டம் கலைந்தது. பிறகு அந்த மண்ணில் நிலைத்து நின்றது தேயிலை!

இன்று இங்கே கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பல இலங்கையிலிருந்து வந்தவை. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளவேண்டும். பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். இராமேசுவரத்தில் இறங்கினார்கள். பலருக்கு இந்த நாடே புதிது.

அவர்கள் கையோடு கொண்டு வந்த சொத்து என்ன? பெட்டி, படுக்கை, பாத்திரம். அதோடு ஒரு தொழில். உலகமே மெச்சும் இலங்கைத் தேயிலையைப் பறித்துப் பழகிய விரல்கள் அவை.

அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு தேயிலை பயிரிட்டது. 1968-ல் வனத்துறை இந்த வேலையைத் தொடங்கியது. 1976-ல் அது தனி நிறுவனமாயிற்று. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்று பெயர். 'டான்டீ' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் கோட்டங்களில் சேரங்கோடும் ஒன்று.

இரண்டு இலை, ஒரு மொட்டு

நல்ல தேயிலை ஆலையில் பிறப்பதில்லை. செடியின் நுனியில் பிறக்கிறது.

நுனியில் ஒரு மொட்டு. அதன் கீழே இரண்டு இளம் இலைகள். இவ்வளவுதான் கொழுந்து. அதற்கும் கீழே போனால் இலை முற்றியிருக்கும். எடை கூடும், ருசி குறையும். பறிக்கும் பெண்ணுக்கு இந்தச் சங்கடம் தினமும் உண்டு. கூலியில் எடைக் கணக்கும் இருக்கிறது. முற்றிய இலையைச் சேர்த்தால் கூடை சீக்கிரம் நிறையும். ஆனால் அந்த இலை குன்னூர் மேஜையில் காட்டிக் கொடுத்துவிடும்! இப்போது பல இடங்களில் கத்தரியாலும் எந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். ஆள் பஞ்சம் அப்படி. எந்திரத்துக்கு மொட்டும் ஒன்றுதான், காம்பும் ஒன்றுதான்.

பறித்த கொழுந்தை மூட்டையில் அமுக்கித் திணிக்கக் கூடாது. திணித்தால் உள்ளே சூடேறும். ஆலைக்குப் போகும் முன்பே இலை வெந்து சிவந்துவிடும்.

ஆலையில் முதல் வேலை, வாட்டுதல். கொழுந்தைப் பரப்பி, பல மணி நேரம் காற்று செலுத்துகிறார்கள். பிறகு எந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். இதற்கு 'சி.டி.சி.' முறை என்று பெயர். 1930 வாக்கில் அஸ்ஸாமில் மெக்கெர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது. நம் வீட்டு டீத்தூள் குருணை குருணையாக இருப்பது இதனால்தான்.

நசுக்கிய இலையைக் காற்றுப்பட வைக்கிறார்கள். வெட்டி வைத்த வாழைக்காய் கறுக்கிறதல்லவா? அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. பச்சை இலை செம்பு நிறமாகிறது. மணம் பிறக்கிறது. 'புளிக்க வைத்தல்' என்று இதைச் சொன்னாலும், மாவு புளிப்பது வேறு, இது வேறு. எப்போது நிறுத்துவது என்பதில்தான் சாமர்த்தியம். நிறுத்துவதற்கு ஒரே வழி, சூடான காற்றில் உலர்த்துவது.

நாலரை கிலோ, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போனால் ஒரு கிலோ தூள் வெளியே வரும்.

கண், மூக்கு, நாக்கு

இனி ருசி பார்க்கும் மேஜைக்கு வருவோம்.

எல்லாத் தூளுக்கும் ஒரே அளவு. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ஊறும் நேரம் ஆறு நிமிடம். முன்பு வெள்ளைக்காரர்கள் ஆறு பென்ஸ் காசு ஒன்றைத் தராசில் போட்டு, அந்த எடைக்குத் தூளை நிறுத்தார்களாம்! எல்லாக் கிண்ணமும் ஒரே மாதிரி இருந்தால்தானே பந்தயம் நியாயமாக இருக்கும்?

முதலில் கண் வேலை செய்கிறது. காய்ந்த தூளைப் பார்க்கிறார். கறுப்பாக, ஒரே அளவாக இருக்கிறதா? நார் கலந்திருக்கிறதா? அடுத்து, ஊறிய சக்கையைப் பார்க்கிறார். புதுச் செப்புக்காசு போல் பளிச்சென்று இருந்தால் நல்லது. பச்சை தட்டினால், காற்றுப்பட்டது போதவில்லை. கறுத்துக் கிடந்தால், அளவுக்கு மீறிவிட்டது. சக்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்க்கிறார்.

கடைசியில்தான் அந்த 'சுர்ர்ர்'.

ஏன் அவ்வளவு சத்தம்? காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் தேநீர் பூந்தூறலாக வாய் முழுவதும் பரவும். மணம் தொண்டை வழியாக மூக்குக்குப் போகும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். மணம் மூக்குக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மெல்லுங்கள். ஏதோ விதையை மெல்வது போல் இருக்கும். மூக்கை விடுங்கள். அப்போதுதான் ஏலக்காய் வரும்!

சுருட்டு ருசி பார்ப்பவர்களும் இதே வழிதான். திருச்சி உறையூர்ச் சுருட்டை இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சில் விரும்பிப் புகைத்தார் என்று சொல்வார்கள். அந்தச் சுருட்டை மதிப்பிடுகிறவரும் முதலில் மேல் இலையைப் பார்ப்பார். பற்றவைக்கும் முன் முகர்வார். புகையை வாயில் நிறுத்தி வெளியே விடுவார். நெஞ்சுக்குள் இழுக்கமாட்டார். சுருட்டு உடம்பைக் கெடுக்கும், தேயிலை அப்படியில்லை. ஆனால் இரண்டும் இலை. வாட்டி, பதப்படுத்தி, நாக்கிடம் தீர்ப்புக்கு வருகிறவை.

இந்தத் தொழிலுக்கென்று தனிப் பேச்சு உண்டு. 'பிரிஸ்க்' என்றால் உயிருள்ள தேநீர்; நாக்கில் சுருக்கென்று தட்டும். 'பிளாட்' என்றால் மூடி திறந்து வைத்த சோடா மாதிரி. 'பாடி' என்றால் வாய் நிறையும் கனம். 'பேக்கி' என்றால் உலர்த்தும்போது சூடு அதிகம். 'ஸ்மோக்கி' என்றால் அடுப்புப் புகை உள்ளே புகுந்திருக்கிறது.

பாருங்கள்! இவர் தோட்டத்துக்குப் போகவில்லை. ஆலையைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டித் தேநீரில், "இலை முற்றியது", "சரியாக வாட்டவில்லை", "அடுப்பில் ஓட்டை" என்று சொல்லிவிடுகிறார். ஜோசியம் அல்ல. பல ஆண்டுப் பழக்கம்.

மழை செய்யும் குறும்பு

சேரங்கோட்டுக்கு ஒரு கஷ்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கொழுந்து நனைந்தே வரும். நனைந்த இலை வாடாது. வாடாத இலையில் மணம் சேராது. தேநீர் தண்ணீராக நிற்கும். பறித்தவள் மேல் குற்றமில்லை. ஆலைக்காரர் மேலும் குற்றமில்லை. ஆனால் நாக்கு காரணம் கேட்பதில்லை. விலையைக் குறைத்துவிடுகிறது.

நீலகிரியிலேயே உயரமான தோட்டங்களில் பனிக்காலத்தில் பறிக்கும் இலைக்குத் தனி மணம். முழு இலையாகச் சுருட்டும் பழைய முறையில் அதைச் செய்கிறார்கள். 2006 நவம்பரில் அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போயிற்று! அதே மாவட்டம்தான். ஆனால் டீக்கடைத் தூளுக்கு அந்த விலை கனவிலும் இல்லை. டீக்கடைக்காரர் பார்ப்பது வேறு கணக்கு: நிறம் இருக்கிறதா, பாலைத் தாங்குமா, ஒரு கிலோவில் எத்தனை கிளாஸ் வரும்?

விலை சரிந்தால் என்ன ஆகும்? டான்டீ பல ஆண்டுகள் நஷ்டப்பட்டது. நஷ்டத்துக்கு ருசி மட்டும் காரணமல்ல. ஆள் குறைவு, வயதான செடி, கூடிய செலவு எல்லாம் உண்டு. 2022-ல் டான்டீயின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் கலங்கினார்கள்; போராடினார்கள். ஒருமுறை கடல் கடந்து வந்த குடும்பங்கள் அல்லவா? மறுபடியும் மூட்டை கட்டவேண்டுமோ என்ற பயம் சாதாரணமானதல்ல.

வீட்டிலேயே பார்க்கலாம்

டேஸ்டர் செய்வதைக் கொஞ்சம் நம் வீட்டிலும் செய்யலாம். இரண்டு கடைத் தூள் வாங்குங்கள். இரண்டு டம்ளர். ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். பாலும் சர்க்கரையும் வேண்டாம். பிள்ளைகளையும் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாயம் கலந்த தூளா என்று அறியவும் வழி உண்டு. உறிஞ்சும் வெள்ளைத் தாளை நனைத்து, அதன்மேல் தூளைத் தூவுங்கள். உடனே சாயம் ஓடிப் பரவினால் அந்தக் கடைக்கு இனி போகவேண்டாம்.

தூள் டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலை அக்கம்பக்கத்து மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பால் சேர்க்காத டிக்காஷனைக் கெட்டியாகப் போட்டு, அப்படியே ஆறவிடுங்கள். நன்றாக ஆறியதும் அது கலங்கிப் போகும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தேயிலையின் சத்தான பொருள்கள் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் கலங்கல் அது. டேஸ்டர் அதைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். நல்ல தூள் என்று அர்த்தம். மறுபடி சூடு காட்டினால் தெளிந்துவிடும்.